தெருப் பெயர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளியன்று மாவட்டப் பக்கத்தில் வந்த போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தீர்ப்புச் செய்தியில், "சிறுமிக்குத் துணையாகச் சமூக ஆர்வலர் ஒருவர் வந்திருந்தார்" என்று ஒரு வரி. அந்த ஒருவர் நான்தான். மைக்கும் சால்வையும் கிடைக்காத சமூக ஆர்வலர்! வழக்கு முழுக்கப் பிள்ளைக்குத் துணை நிற்கக் குழந்தைகள் நலக் குழு எழுத்துமூலம் நியமித்த ஆதரவு நபர் நான். கோர்ட்டில் 'சப்போர்ட் பர்சன்' என்பார்கள். ஆதரவு நபர் வேண்டுமா என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொன்னது தாங்கள் அறியாததல்ல.

என்னை எப்படியோ போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் தெரு எதற்கு? அப்பாவின் தொழில் எதற்கு? 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு கருணை வேறு. அந்தத் தெருவில் தையல் கடை ஒன்றுதான் ஐயா.

பிள்ளையின் சாட்சியம் 30 நாளில், வழக்கு கூடியமட்டும் ஓராண்டில் முடிய வேண்டும் என்கிறது சட்டம். நாங்கள் நடந்தது ஒன்பது வாய்தா. ஒரு நாள் நீதிபதி விடுப்பு, ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீல் வீட்டு விசேஷம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை என் மணிக்கட்டில் பேனாவால் கடிகாரம் வரைவாள். முள் எப்போதும் நாலில் நிற்கும். நாலு மணிக்குத்தான் எங்கள் பஸ். உள்ளே குற்றம் சாட்டப்பட்டவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவார்கள், வெளியே டீக்கடையில் நின்று அவளிடம் "சாப்பிட்டியா கண்ணு?" என்பான். முதல் வாய்தாவில் டவாலி அவள் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். பெஞ்ச் கிளார்க்கிடம் மல்லுக்கட்டி, வழக்கு எண்ணை மட்டும் கூப்பிட வைத்தேன். அப்படி மறைத்ததைத்தான் தங்கள் நிருபர் ஒரே காலையில் வீடு வீடாகப் போட்டுவிட்டார்.

இரண்டு வருடம் முன்பு வேறொரு வழக்கில் பிள்ளையின் முகத்தை மங்கலாக்கிவிட்டு, வீட்டு வாசலைக் கோலத்தோடு பளிச்சென்று போட்டீர்கள். அன்றும் எழுதினேன். தபாலில் தொலைந்திருக்கும் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கூடப் படிக்கும் பையன் பேப்பரைக் கொண்டுவந்திருந்தானாம்.

இணையப் பதிப்பில் அந்தச் செய்தி அப்படியே இருக்கிறது. தெருவையும் தொழிலையும் இன்றே எடுத்துவிடுங்கள். போக்சோ 23ஆம் பிரிவை நிருபர் ஒருமுறை படிக்கட்டும். குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாம் அதில் இருக்கிறது, சிறைத் தண்டனையும் இருக்கிறது.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயர், ஊர் வேண்டாம். எந்தப் பிள்ளையோடு நான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று ஊரில் பலருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
31 வருடச் சந்தாதாரர்