கிச்சிலி சம்பாவுக்கு எட்டுக் கட்டமா, பன்னிரண்டா? டெர்மினல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எழுத்தாலேயே கட்டளை கொடுத்து வேலை வாங்கும் டெர்மினல் செயலிகளை எழுதுகிறவர்களுக்கும், ஒவ்வொரு டெர்மினலும் என்னென்ன செய்யும் என்று பதிந்துவைத்திருக்கும் டெர்ம்இன்ஃபோ தரவுத்தளத்தையும் அதைப் படித்துச் சொல்லும் லைப்ரரிகளையும் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) பராமரிக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் டெர்மினலிடம் ஒரு நிரல் எத்தனையோ கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை நிறம் காட்டுவாய்? திரையில் எத்தனை கட்டம் (ஓர் எழுத்துக்கான சம அகல இடம்)? வரி நிறைந்தால் தானாகவே அடுத்த வரிக்குப் போவாயா? எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும். ‘கி’ என்று எழுதினால் எத்தனை கட்டம் எடுத்துக்கொள்வாய் என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது. கேட்பதற்கென்று ஒரு ஃபங்ஷனே கிடையாது. அதை உண்டாக்கித் தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து பாரம்பரிய நெல்லுக்கு ஒரு விதை வங்கி நடத்துகிறார்கள். அவர்களிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி. பொறுப்பாளர்களில் ஒருவர் வெளியூரில் இருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைதூர இணைப்பு வழியாக நுழைந்து கணக்குப் பார்ப்பார். சிக்னல் சரியாகக் கிடைக்காத இடம் அது. இந்த நிலைமைக்கு டெர்மினலில் ஓடும் நிரல்தான் சரி என்று நானே எழுதிக் கொடுத்தேன். இடப்பக்கம் நெல்லின் பெயர், வலப்பக்கம் இருப்பு எத்தனை கிலோ. இதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

விதை கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். கிச்சிலி சம்பா 140 கிலோ இருந்தது. அதில் 100 கிலோவை ஒருவருக்குக் கொடுத்து, கணக்கிலும் கழித்தார்கள். கோப்பில் 40 என்று சரியாகப் பதிந்தது. திரையில் 140 அப்படியே நின்றது. மறுநாள் ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி வந்து 80 கிலோ கேட்டார். கணக்குப் பார்க்கும் அக்கா திரையைப் பார்த்து, “இருக்குங்கய்யா, உட்காருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அங்கே இருந்தது 40 கிலோ. அந்தப் பெரியவர் பாதி விதையோடு திரும்பிப் போனார். அக்கா எனக்குப் போன் செய்து, “தம்பி, நான் கழிச்சுத்தான் போட்டேன்” என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் அப்படி விளக்கம் சொல்ல வேண்டி வந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த 1 ஏன் அழியவில்லை என்பது உங்களுக்குச் சொல்லாமலே புரியும். ஆனாலும் சொல்கிறேன். ‘கிச்சிலி சம்பா’வில் யூனிகோடு குறிகள் 14; எழுத்துகளுக்குப் பொதுத் தரமான யூனிகோடில் ‘கி’ என்பது ககரம், இகரக் குறி என்று இரண்டு. நான் பயன்படுத்திய லைப்ரரி அதற்கு 12 கட்டம் என்று கணக்கிட்டது. டெர்மினலோ ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு கட்டம் என்று வைத்து, நடு இடைவெளியோடு எட்டே கட்டத்தில் எழுதி முடித்தது. பின்னால் வந்த இடைவெளியும் 140-உம் நான்கு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தன. பிறகு 140 வெறும் 40 ஆனபோது, மாறிய கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும் என்று லைப்ரரி முடிவு செய்தது. மெதுவான இணைப்பில் அதுதான் சரியான வழியும்கூட. கர்சரை 1 இருப்பதாகத் தான் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு வெற்றிடத்தை எழுதியது. அழிப்பான் ஏற்கெனவே காலியாக இருந்த இடத்தில் போய் விழுந்தது. 1 தப்பித்தது.

சீரக சம்பாவில் இதையே செய்து பார்த்தேன். அந்தப் பெயரில் வித்தியாசம் ஒரே கட்டம்தான். அதனால் அழிப்பான் 4-இன் மேல் விழுந்து, திரையில் ‘1 0’ என்று வந்தது. ஒரே நிரல், ஒரே திரை, ஒரே எண். பெயரில் ‘கி’ வருகிறதா ‘சீ’ வருகிறதா என்பதைப் பொறுத்து வெவ்வேறு தப்பு.

இந்தக் ‘கி’, ‘கீ’ விஷயம் தமிழ் தெரியாதவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். யூனிகோடு வகைப்பாட்டில் இகரக் குறி இடமெடுக்கும் குறி. ஈகாரக் குறி இடமெடுக்காத குறி. கேம்பிரிட்ஜின் மார்க்கஸ் கூன் எழுதிப் பொதுவில் விட்ட, எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று கணக்கிடும் டபிள்யூசிவிட்த் ஃபங்ஷன் இந்த வகைப்பாட்டை அப்படியே பின்பற்றுகிறது. பல நிரல்கள் அதை எடுத்துக்கொண்டன. அதன்படி ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். தமிழில் குறிலை எழுதிப் பழகியபின் நெடிலுக்கு மேலே ஒரு சுழி போடச் சொல்லித் தருவார்கள். சுழி போட்டதும் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடுமா? ‘கு’ இரண்டு கட்டம், ‘க்’ ஒரு கட்டம். ‘கொ’வை ஒற்றைக் குறியாகப் பதிந்தால் இரண்டு கட்டம், கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பதிந்தால் மூன்று. இரண்டும் ஒரே எழுத்து என்று யூனிகோடே சொல்கிறது. பழைய மேக் கோப்பு முறையில் பெயர்கள் பிரித்துத்தான் சேமிக்கப்படும். ஆக, கோப்பு எந்தக் கணினியில் இருந்து வந்தது என்பதைப் பொறுத்தும் அகலம் மாறும்.

2023-இல் பைதான் மொழிக்கான டபிள்யூசிவிட்த் லைப்ரரி, இடமெடுக்கும் குறிகளையும் சுழியம் என்று கணக்கிடும்படி திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் எனக்குப் பிடித்திருந்தது, செய்தவர்களுக்கு நன்றி. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரே கணினியில் அந்தத் திருத்தத்தோடு ஓடும் பைதான் நிரல் ‘தமிழ்’ மூன்று கட்டம் என்கிறது. பழைய கணக்கில் நிற்கும் சி மொழி நிரல் நான்கு என்கிறது. பாஷ் என்ற கட்டளை நிரலின் பிரிண்ட்எஃப் கட்டளை பைட்டை எண்ணி 15 என்கிறது. இதில் யார் சொல்வது சரி என்பதை முடிவு செய்ய வேண்டியது எழுத்தைத் திரையில் போடுகிற டெர்மினல்தான். அதனிடம் கேட்கத்தான் வழியில்லை.

டெர்மினலிடம் கேட்கும் பழக்கம் புதிதா என்ன? 1978 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய், தன் விஐ எடிட்டர் எல்லா டெர்மினலிலும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் டெர்ம்இன்ஃபோவின் முன்னோடியான டெர்ம்கேப்பை எழுதினார். பிறகு மார்க் ஹார்ட்டன் டெர்ம்இன்ஃபோவைக் கொண்டுவந்தார். அதைக் கேட்டறிய டிஐகெட்ஃபிளாக், டிஐகெட்நம், டிஐகெட்எஸ்டிஆர் என்று மூன்று ஃபங்ஷன்கள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. அந்தத் தரவுத்தளத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் வரும். பழைய ஹேசல்டைன் டெர்மினல்களால் டில்டே (~) என்ற ஒரு குறியைக் காட்ட முடியாது. அந்த ஒரு குறைக்கென்றே அதில் தனிக் கொடி (ஆம், இல்லை என்ற பதிவு) இருக்கிறது. வரியின் கடைசிக் கட்டத்தில் எழுதியபின் வரும் புதுவரிக் குறியைச் சில டெர்மினல்கள் விழுங்கிவிடும். அதற்கும் ஒரு கொடி. பீஹைவ், டெலிரே என்று இன்று யாரும் கண்ணில் பார்க்காத இயந்திரங்களின் கோணல்கள்கூடப் பெயரோடு பதிந்து கிடக்கின்றன. டிஐகெட்நம் எவ்வளவு நேர்மையான ஃபங்ஷன்! அந்தத் திறன் இந்த டெர்மினலுக்கு இல்லை என்றால் -1, அப்படி ஓர் எண் திறனே கிடையாது என்றால் -2.

எழுத்தின் அகலத்தைப் பற்றிக் கேட்டால் -2 தான். ஒரு டில்டேவுக்கு இடம் இருந்த தரவுத்தளத்தில் கோடிக்கணக்கானோர் எழுதும் எழுத்துக்கு இடம் இல்லை. இதை எழுதும்போது கோபம் வராமல் இல்லை. நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் கேட்டபிறகும் செய்யாமல் இருப்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

கேட்காமல் இல்லை. ஒரு டெர்மினலின் பிழைப் பட்டியலில் படங்களோடு எழுதினேன். எழுத்துருவின் சிக்கல் என்று சொல்லி மூடினார்கள். கட்டங்களின் எண்ணிக்கைக்கும் எழுத்துருவுக்கும் சம்பந்தமே இல்லை. லைப்ரரிப் பக்கம் போனேன். டெர்மினல் எப்படி வரையும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். நியாயமான பதில். அந்தப் பதிலோடு திரும்பவும் டெர்மினல் பக்கம் வந்தால், சம அகலக் கட்டங்கள் இப்படிப்பட்ட எழுத்துகளுக்கு ஏற்றவை அல்ல, வேறு இடைமுகத்தைப் பயன்படுத்துங்கள் என்று ஒருவர் எழுதினார். ‘இப்படிப்பட்ட எழுத்துகள்’ என்ற அந்தச் சொல்லை நான் பல நாள் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்துக்குள் அடங்காத சீன எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் என்று வகுத்து, யூனிகோடு அதற்குத் தனிப் பின்னிணைப்பே எழுதிவைத்திருக்கிறது. ஆக, கட்டம் என்பது அப்படி ஒன்றும் மாற்ற முடியாத விதி இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தமிழ் 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இருந்தது. எமோஜிகள் பெருமளவில் 2010-இல்தான் வந்தன. அப்பா, அம்மா, பிள்ளை என்று பல குறிகள் சேர்ந்த குடும்ப எமோஜி திரையில் சிதறத் தொடங்கியபிறகுதான், சேர்ந்து நிற்கும் குறிகளை ஒரே எழுத்தாகப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு டெர்மினல் உலகில் சூடு பிடித்தது. அதனால் எங்களுக்கும் ஏதோ நன்மை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் தமிழ், இந்தி, வங்கம், கெமெர் என்று இத்தனை மொழிக்காரர்களின் வரிகள் அதற்கு முன்பும் சிதறிக்கொண்டுதான் இருந்தன. அப்போது அது யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைக்கு நான் செய்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். நிரல் தொடங்கும்போது திரையின் மூலையில் ‘கி’யை எழுதி, கர்சர் எங்கே நிற்கிறது என்று டெர்மினலைக் கேட்கிறேன். இரண்டாம் கட்டம் என்றால் ஒரு கணக்கு, மூன்றாம் கட்டம் என்றால் இன்னொரு கணக்கு. அப்புறம் ‘கீ’, அப்புறம் ‘கொ’. எழுதியதை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன். வேலை நடக்கிறது, ஆனால் திரை ஒரு நொடி சிமிட்டுகிறது. பதில் விசைப்பலகையின் வழியாகவே வருவதால், அந்த நேரத்தில் யாராவது தட்டிய விசையோடு கலந்துவிடுகிறது. முதல் வரியில் கேட்டால், ஷிஃப்ட்டோடு எஃப்3 அழுத்தியதற்கும் கர்சர் இடத்துக்கான பதிலுக்கும் வித்தியாசமே தெரியாமல் போகலாம். எஸ்எஸ்எச் இணைப்பு மந்தமாக இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றும் தெரியாது. நடுவில், ஒரு டெர்மினலைப் பலவாகப் பிரித்துத் தரும் டிமக்ஸ் இருந்தால் பதில் சொல்வது டிமக்ஸ். வெளியே உள்ள டெர்மினலின் கணக்கு வேறாக இருக்கலாம். டெர்மினலின் பெயரைச் சொல்லும் டெர்ம் என்ற சூழல் மாறியைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத டெர்மினல்கள் பலவும் தம்மை எக்ஸ்டெர்ம்-256கலர் என்றே சொல்லிக்கொள்கின்றன.

உங்களில் சிலர் இதற்காக உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதையும் அறிவேன். கான்டூர் டெர்மினலில் இருந்து வந்த 2027 என்ற பயன்முறையை நிரல் கேட்டுப் பார்க்கலாம். எழுத்துக் கூட்டுகளைச் சேர்த்து எண்ணுகிறாயா என்பதற்கு டெர்மினல் பதில் சொல்லும். கிட்டி டெர்மினல் 2025-இல் கொண்டுவந்த முறையில், இந்த எழுத்து இத்தனை கட்டம் என்று நிரலே சொல்லிவிடலாம். இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் 2027-க்கு ‘ஆம்’ என்று வரும் பதில் பாதிப் பதில்தான். சேர்த்து எண்ணினால் ‘கௌ’வுக்கு ஒரு கட்டமா, இரண்டா? கொம்பு, ககரம், சிறகு மூன்றையும் ஒரே கட்டத்தில் திணித்தால் படிக்க முடியாது என்பது என் கருத்து. இரண்டு கட்டமாவது வேண்டும். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஒன்றோ இரண்டோ, எது என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். டெர்மினல் எந்த அகல விதியை, யூனிகோடின் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று சொல்ல டெர்ம்இன்ஃபோவில் ஒரு திறனைச் சேருங்கள். ஓடும்போதே கேட்கவும் ஒரு எஸ்கேப் வரிசையை (டெர்மினலுக்கு நிரல் அனுப்பும் கட்டளைக் குறித்தொடர்) ஒப்புக்கொள்ளுங்கள்: ஓர் எழுத்துச் சரத்தைக் கொடுத்தால், திரையில் எதையும் எழுதாமல், கட்டங்களின் எண்ணிக்கையைத் திருப்பித் தரட்டும். அந்தப் பதில் எந்த விசையோடும் குழம்பாத வடிவில் இருக்கட்டும். டெர்மினல்காரர்களும் லைப்ரரிக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து இதைப் பேச வேண்டும். தனித்தனியாக இருந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதுதான் தொடரும்.

சோதனைக்கு வேண்டுமானால் எங்கள் நெல் பெயர்ப் பட்டியலையே அனுப்புகிறேன். மாப்பிள்ளை சம்பா, பூங்கார், தூயமல்லி, கருங்குறுவை என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதத்தில் உங்கள் கணக்கைச் சோதிக்கும். ஒவ்வொன்றுக்கும் குறி எத்தனை, எழுத்து எத்தனை, எந்தக் கணக்கில் எத்தனை கட்டம் என்று குறித்தும் வைத்திருக்கிறேன். இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி உங்கள் பிழைப் பட்டியல்களில் சேர்ப்பேன். இந்த முறை மூடிவிடாமல் படித்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விதைக் கணக்கு நிரலை எழுதியவன்