படித்துக் காட்டுவதும் அதே துபாஷி

அன்புள்ள மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இங்கே எல்லாரும் சௌக்கியம். கட்டக்கில் வளர்ந்த நம் பாப்பா, ஒரியாக்காரத் தொழிலாளிகளுக்காகக் கோர்ட்டில் மொழிபெயர்க்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கூடவே பயமும் வந்துவிட்டது.

1716 புதுச்சேரி ஞாபகம் வருகிறதா? பிப்ரவரியில் பிரெஞ்சு கவர்னர் எபேர், தன் தலைமைத் தரகர் நயினியப்ப பிள்ளையைப் பிடித்து அடைத்தார். ஜூனில் தீர்ப்பு: கடைவீதியில் 50 கசையடி, 3 வருஷம் சிறை, 8,888 வராகன் (அந்தக் காலப் பொன் நாணயம்) அபராதம். விசாரணையில் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், மனுவேல். சேசு சபை என்கிற கத்தோலிக்கப் பாதிரிமார் சபையின் உபதேசியார் மகன். நயினியப்பரை வேலையிலிருந்து இறக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தவர்களும் அதே சேசு சபையார்தான். அந்த இடத்தில் லஞ்சமே தேவையில்லை மச்சான், மனுவேல் குடும்பமே அவர்களை அண்டி இருந்தது!

கேள்வி பிரெஞ்சில், பதில் தமிழில். துபாஷி சொல்வதைத்தான் எழுத்தர் எழுதுவார். பேசிய தமிழ் காற்றோடு போயிற்று. படிக்கத் தெரியாத பிரெஞ்சுத் தாளில் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று பிறகு புகார் கிளம்பியது. நயினியப்பரின் மகன்கள் பிரான்சு வரை முறையிட்டுத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார்கள். மனுஷர் 1717-லேயே சிறையில் செத்துப்போயிருந்தார். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரன் 1860 தண்டனைச் சட்டத்தில், 191-ஆம் பிரிவின் உதாரணத்திலேயே, பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் தெரிந்தே மாற்றிச் சொன்னால் பொய்ச்சாட்சி என்று எழுதிவைத்தான். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டம், வாக்குமூலத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்டு, புரியாவிட்டால் அவன் மொழியில் சொல் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் படித்துச் சொல்வதும் அதே துபாஷி! முதலில் மாற்றியவன் இரண்டாம் தடவையும் மாற்றுவான், சாட்சி தலையாட்டுவான். ஓட்டை அங்கேதான். இரண்டு மொழியும் தெரிந்த இன்னொருவர் எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தால்தான் பிடிபடும்.

பாப்பாவிடம் சொல்: சிக்கலான பதில் வந்தால் சாட்சியின் ஒரிய வார்த்தையையே பதிவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கட்டும். "அடித்தான்" வேறு, "தள்ளினான்" வேறு. ஊகித்துச் சொல்லாமல் திருப்பிக் கேட்க அனுமதி வாங்கட்டும். வராந்தாவில் சாட்சியோடு தனியாகப் பேச்சு வேண்டாம். கூலி கோர்ட் கையால் மட்டும். அந்தக் கூலி வருவதற்குத் தாமதமாகும், அந்தச் சமயத்தில்தான் கட்சிக்காரர் ஆட்டோ காசை நீட்டுவார். அதையும் வாங்கக் கூடாது. தாமதமானால் மனுப் போடட்டும், நான் எழுதித் தருகிறேன்.

வாத்தியாருக்கு வணக்கம் சொல். குண்டு இன்னும் அதே சட்டையா?

உன்,
மச்சான்