நாயுடன் நடப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். அந்த விவரமெல்லாம் கூட்டப் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம். இந்த ஆண்டு நம் சங்கத்தில் எல்லோரும் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: மாலை நேரக் கூட்டு நடையை ஏன் விடியற்காலைக்கு மாற்றினீர்கள்? இன்னமும் கோபம் தீராதவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோடையில் ஒரு மாலை. வெயில் தாழ்ந்து, நல்ல காற்றும் வீச ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினோம். நடப்பவர்களுக்குச் சுகமான நேரம். பாலத்தைத் தாண்டி, புதிதாகத் தார் போட்ட பகுதிக்கு வந்ததும் ஓர் உறுப்பினரின் லாப்ரடார் நடையை மாற்றியது. முன்னங்கால்களை வெடுக் வெடுக்கென்று தூக்கி வைத்தது. அப்புறம் ஓரத்தில் இருந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு ஓரடி நகர மறுத்துவிட்டது. அடம் பிடிக்கிறது என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார் அவர். அதற்குள் அது காலை நக்கத் தொடங்கிவிட்டது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், உள்ளங்காலின் கருந்தோல் ஒரு பக்கம் மடல்போல் எழும்பியிருந்தது. அடியில் ஈரச் சிவப்பு. லாப்ரடார் என்ன சின்ன உருவமா? இரண்டு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தோம். தீக்காயம்தான் என்றார் கால்நடை மருத்துவர். புதுத்தோல் வரும்வரை கட்டோடும், காயத்தை நக்கவிடாமல் கழுத்தில் மாட்டும் கூம்போடும் அது வீட்டிலேயே கிடந்தது.

வெயில் போய்விட்டதே, பிறகு எப்படிச் சுட்டது என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. நாம் காற்றின் சூட்டைப் பார்க்கிறோம், நாய் தரையின் சூட்டில் நடக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. புதுத் தார் தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. மற்றதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்கிறது. காற்று 25 டிகிரி செல்சியஸ்தான் என்று நாம் மகிழும் நாளில்கூட, நேர்வெயிலில் கிடக்கும் தார் 50 டிகிரியைத் தாண்டிவிடும். காற்று 30-ஐத் தாண்டினால் தரை 60-ஐ நெருங்கும். உச்சிவெயிலுக்குப் பிறகு, பிற்பகலில்தான் அது மிக அதிகமாகக் கொதிக்கும். உள்ளே வாங்கிய சூட்டைச் சூரியன் மறைந்த பிறகும் மெதுவாகத்தான் விடும். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கோட்டின் மேல் சூடு குறைவு. அந்த லாப்ரடாருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானே கண்டுபிடித்து ஏறி நின்றுகொண்டது.

ஆக, மாலை ஆறு மணிப் பாதையில் நண்பகல் பாக்கி இருக்கிறது. விடியற்காலைப் பாதையோ இரவு முழுக்க ஆறிய பாதை. மாற்றத்துக்கு இதுதான் காரணம், வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

வேலைக்குப் போகிறவர்கள் சொன்ன மறுப்பும் தள்ளக்கூடியதல்ல. காலையில் அவர்களுக்கு நேரமே இருக்காது, நாயோ நாள் முழுக்கக் காத்துக்கிடக்கிறது. செயற்குழுவில் இரண்டு தரப்பும் குரல் உயர்த்திப் பேசிய பிறகு வந்த முடிவு இது: இனி எல்லா மாதங்களிலும் கூட்டு நடை சூரியன் உதிக்கும் முன்பே புறப்படும். மாலையில் போக விரும்புகிறவர்கள் தனியாகவோ சேர்ந்தோ போகலாம், ஆனால் தரையைச் சோதித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சோதனை எளிது. புறங்கையைத் தரையில் ஊன்றி, மனதுக்குள் ஏழு எண்ண வேண்டும். அதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் நாயை இறக்கக் கூடாது. உள்ளங்கை உழைத்துத் தடித்த தோல், சூட்டைத் தாமதமாகத்தான் சொல்லும், அதனால்தான் புறங்கை.

இதிலும் சாமர்த்தியம் காட்டுகிறவர்கள் உண்டு. மர நிழலில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, போகலாம்" என்று கிளம்புகிறார்கள். அடுத்த வளைவிலேயே நிழல் முடிந்துவிடுகிறது. போகும் வழியில் எது மிக மோசமான இடமோ அங்கே கை வைத்துப் பாருங்கள். நம் பாதையில் அது பாலத்துக்கு அப்பால் இருக்கும் புதுத் தார்தான். இரும்பு மூடிகளும் விளையாட்டுத் திடலின் செயற்கைப் புல்லும் அதே அளவு ஆபத்தானவை. பச்சையாகத் தெரிவதால் செயற்கைப் புல்லை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். வெயிலில் அது தாரையும் மிஞ்சிச் சுடக்கூடியது.

சங்கமே மொத்தமாகக் காலுறை வாங்கித் தரலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை நான் எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். பழக்கப்பட்ட நாய்க்கு, அளவு சரியாக இருந்தால், காலுறை நல்லதுதான். ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் நடுப்பகலில் கிளம்புவார்கள். பாதம் தப்பிக்கும், உடம்பு தப்பிக்காது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்காலில் மட்டுமே, அதுவும் கொஞ்சம்தான். உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் முக்கிய வழி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது. காற்றில் ஈரப்பதம் கூடினால் அதுவும் சரியாக எடுபடாது. போதாக்குறைக்கு அதன் வயிறு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, கீழிருந்து எழும் அனல் நேராக அங்கேதான் அடிக்கும். குட்டைக்கால் நாய் வளர்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

முதலுதவி வகுப்புக்கு இந்த ஆண்டு எதிர்பாராத கூட்டம். வகுப்பெடுத்த கால்நடை மருத்துவர் இரண்டு மணி நேரமும் நின்றுகொண்டே பேசினார், அவருக்கு நம் நன்றி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை. 41-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் பாதையில் யாரிடமும் வெப்பமானி இருக்காது, கண்ணைத்தான் நம்ப வேண்டும்: நின்று ஓய்ந்த பிறகும் அடங்காத இரைப்பு, கெட்டியாக ஒழுகும் எச்சில், ஈறுகளில் கடும் சிவப்பு, அப்புறம் தள்ளாட்டம், வாந்தி. தள்ளாட ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போகும் பேச்சே கூடாது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி. நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற தண்ணீரை உடம்பெல்லாம் படும்படி ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு உட்காருவது தவறு. சற்று நேரத்தில் அந்தத் துண்டே சூட்டை உள்ளே அடைத்து வைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. எழுந்து வாலை ஆட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும், உள்ளுறுப்புகளில் ஏற்பட்ட பாதிப்பு பிறகுதான் தெரியவரும். பாதம் வெந்திருந்தால் குளிர்ந்த தண்ணீரில் காட்டிவிட்டு, நக்கவிடாமல் பார்த்துக்கொண்டு கூட்டிப்போனால் போதும். வீட்டில் இருக்கும் களிம்பை எடுத்துப் பூச வேண்டாம்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும், வயதானவற்றுக்கும், எடை கூடியவற்றுக்கும் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் வரும். இன்னொன்றையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார். வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்மூடியை வெயிலில் போட்டு நடத்தினால் நாயால் இரைக்கவே முடியாது. வாய்மூடி கட்டாயம் வேண்டும் என்றால், உள்ளே வாயைத் திறக்க முடிகிற கூடை வகையை வாங்குங்கள்.

அடுத்து மிதிவண்டிக்காரர்கள். பாதை அவர்களுக்கும் சொந்தம் என்பதை நம்மில் சிலர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஆண்டு அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினோம். அவர்கள் வைத்த புகார்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: இழுக்க இழுக்க நீளும் மெல்லிய கயிறு. ஆள் பாதையின் ஓர் ஓரத்தில், நாய் மறு ஓரத்தில், நடுவே கண் கூசும் வெயிலில் தெரியவே தெரியாத ஒரு கயிறு. மிதிவண்டியும் விழும், நாயும் அடிபடும். விரலில் சுற்றிப் பிடித்திருந்தால் விரலையும் அறுத்துவிடும். கைப்பிடி நழுவினால் இன்னும் வேடிக்கை. அந்தப் பிளாஸ்டிக் டப்பா கடகடவென்று பின்னாலேயே துரத்த, நாய் மிரண்டு ஓடும், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்காது. ஆகவே கூட்டு நடையில் இனி இரண்டு மீட்டருக்கு மிகாத சாதாரண வார் மட்டுமே. நாய் புல் ஓரமாக, நாம் வண்டி வரும் பக்கம். கழுத்துப்பட்டையில் இழுத்துக்கொண்டு போகிற நாய்க்கு மூச்சு இன்னும் திணறும், அதற்கு மார்புப்பட்டை போடுவது நல்லது. பதிலுக்கு அவர்கள் தூரத்திலிருந்தே மணி அடிக்க ஒப்புக்கொண்டார்கள். காதருகே வந்து அடிப்பவர் ஓரிருவர் இன்னமும் உண்டு; அவர்கள் தரப்பிலேயே பேசித் தீர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பாதையோரத்தில் தாழ்வான தண்ணீர்க் குழாயும் கூடுதல் மரங்களும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினோம். கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. குழாய் வரவில்லை. அதுவரை தண்ணீரும் கிண்ணமும் கையோடு இருக்கட்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குளம்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். தேங்கிய நீரின் மேல் படரும் நீலப்பச்சைப்பாசியில் சில வகைகள் நாயைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடக்கூடியவை.

கழிவு அள்ளும் பை பற்றி எல்லா ஆண்டும் சொல்வதைத்தான் இந்த ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் சொல்லவில்லை. உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28 அன்று தடுப்பூசி முகாம் வழக்கம்போல் நடந்தது. அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் துணைச் செயலாளரிடம் பதிந்துகொள்ளலாம்.

இன்று உங்கள் வாக்குக்கு வைக்கப்படுவது ஒரே தீர்மானம். விடியற்காலை நடையை வெயில் மாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களில் பழையபடி மாலைக்கே மாற்றலாம் என்பது மாலைத் தரப்பின் திருத்தம். தரைச் சோதனை எல்லா மாதமும் தொடரும் என்றால் எனக்கு மறுப்பில்லை. அந்த லாப்ரடாரின் உரிமையாளர் திருத்தத்தை எதிர்த்துப் பேச அனுமதி கேட்டிருக்கிறார். அவர் பேசி முடித்ததும் வாக்கெடுப்பு, அதன் பிறகு பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்