எட்மண்டனில் பழைய பிக்கப் தேடுகிறேன் மாமா

எட்மண்டன், ஆல்பர்ட்டா

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் பாப்பாவும் நலம்தானே? போன வாரம் போனில் "ஒரு பழைய வண்டி வாங்க இத்தனை மாசமாடா?" என்று கேட்டீர்கள். அது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். பட்டறையில் வேலை ஓய்ந்த நேரத்தில் படியுங்கள், உங்களுக்குப் பிடித்த விஷயம்தான்.

டைல்ஸ் வேலையில் இனி நானே காண்ட்ராக்ட் எடுக்கலாம் என்று இருக்கிறேன். கட்டர், மிக்ஸர், டைல்ஸ் பெட்டி, பசை மூட்டை எல்லாம் போட்டால் ஒரு டிரெய்லர் நிறைந்துவிடும். நம்ம ஊரில் ஒரு குட்டி யானையைக் கூப்பிட்டு வாடகை பேசினால் வேலை முடிந்தது. இங்கே அவனவன் சாமானை அவனவன்தான் இழுக்க வேண்டும். ஒரு மூட்டை கூட ஏற்றாதவர்களும் வாசலில் பிக்கப் நிறுத்தியிருக்கிறார்கள், அது வேறு கதை. புதுசு அறுபது, எழுபதாயிரம் டாலர் ஆகிறது. நமக்குக் கட்டாது. இருபதாயிரத்தைச் சுற்றி ஒரு பழசுதான் நம் கணக்கு.

புதுசாக இருந்தால் தலைவலி இல்லை என்று நினைக்காதீர்கள். டொயோட்டாவே 2022, 2023 டண்ட்ரா பிக்கப்பில் இன்ஜின் கடையும்போது விழுந்த துகள்கள் உள்ளேயே தங்கிவிட்டன என்று 2024-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அடுத்த வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்காக, அமெரிக்காவில் மட்டும் 6 லட்சத்துக்குப் பக்கமான வண்டிகளை அழைத்தது. கனெக்டிங் ராடு பேரிங்கும் கிராங்கும் பிரச்சினை. செக் செய்து பாஸானதற்கு என்ன வைத்தியம் தெரியுமா? இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றி, ஆயில் மூடியை மாற்றிக் கொடுத்தார்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும்.

நீங்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி வண்டி" என்றுதானே. இங்கே அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஒரே கம்பெனியில், ஒரே பேரில், ஒரு வருடத்து இன்ஜின் தங்கமாக இருக்கும், மூன்று வருடம் முன்னால் வந்தது குப்பையாக இருக்கும். எந்த வருடம், எத்தனை லிட்டர் இன்ஜின், அதோடு எந்த கியர் பாக்ஸ் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் பேச்சே தொடங்கும்.

ஃபோர்டு எஃப்-150-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2004-லிருந்து 2010 வரை 5.4 லிட்டர் மூன்று வால்வு இன்ஜின் போட்டார்கள். டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரில் ஆயில் கசிந்து பிரஷர் குறையும். கேம் ஷாஃப்ட் முனையில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற ஃபேஸருக்கு ஆயில் போதாமல், சூடான பிறகு நியூட்ரலில் நிற்கும்போது பெட்ரோல் இன்ஜின் டீசல் மாதிரி தட்டும். அதைவிடக் கொடுமை ஸ்பார்க் பிளக். ஆரம்ப வருடங்களில் பிளக்கை இரண்டு துண்டாகச் செய்திருந்தார்கள். கழற்றப் போனால் மேல் துண்டு கையோடு வரும், கீழ்த் துண்டு கரி பிடித்து ஹெட்டுக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்கத் தனியாக ஒரு டூல் விற்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2011-இல் அதே வண்டிக்கு 5.0 லிட்டர் இன்ஜின் வந்தது, ஆளே மாறிவிட்டான். கூடவே இரண்டு டர்போ வைத்த 3.5 லிட்டரும் வந்தது. இழுவை பிரமாதம். ஆனால் முதல் சில வருடத்து வண்டிகளில் ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் டைமிங் செயின் நீண்டுவிடும்.

அடுத்து ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே, ஜி.எம்.சி. வண்டிகளில் வரும் 5.3 லிட்டர் இன்ஜின். 2007 வாக்கிலிருந்து பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஒரு ஏற்பாடு: லோடு இல்லாதபோது எட்டு சிலிண்டரில் நான்கு தூங்கிவிடும். தூங்க வைப்பது, வால்வைத் தூக்குகிற லிஃப்டருக்குள் இருக்கிற ஒரு சின்ன பின். அது சிக்கிக்கொண்டால் லிஃப்டர் படுத்துவிடும், அது கேம் ஷாஃப்டையும் தின்னும். அந்த ஏற்பாடு வேலை செய்யாமல் இருக்க, ஸ்கேனர் மாட்டுகிற இடத்தில் ஒரு டப்பாவைச் செருகி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ராம் கம்பெனி பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினிலும் இதே குடும்பத்து வியாதி உண்டு, ஆனால் அதன் சத்தத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருந்தால் குளிரில் டிக் டிக் என்று கேட்கும், சூடாகி இரும்பு விரிந்ததும் அடங்கிவிடும். சூடான பிறகும் அடங்காமல் கேட்டால் சந்தேகம் லிஃப்டர் மேல். முன்னதற்கு போல்ட் மாற்றினால் போதும், பின்னதற்கு இன்ஜினையே திறக்க வேண்டும்.

டொயோட்டா டண்ட்ராவின் 5.7 லிட்டர், 2007 முதல் 2021 வரை. டர்போ கிடையாது, சிலிண்டர் தூங்குகிற சமாசாரமும் கிடையாது. நீங்கள் பார்த்தால் உடனே பிடித்துப்போகும். பெட்ரோலைக் குடிக்கும், விலையும் இறங்கவே இறங்காது. 3 லட்சம் கிலோமீட்டர் ஓடியதற்கும் மனசாட்சி இல்லாமல் விலை சொல்கிறார்கள்.

இனி கியர் பாக்ஸ். உங்களுக்குப் புரியவைக்கக் கஷ்டமான இடம் இதுதான். கிளட்ச் கிடையாது, எல்லாம் ஆட்டோமேட்டிக். நம்ம பட்டறையில் கியர் லீவரைப் பிடித்ததுமே பாதி நோயைச் சொல்லிவிடுவீர்கள். இங்கே கைக்கு எதுவும் தெரியாது, கிளட்சுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டரும், ஆயிலைத் திருப்பிவிடுகிற கரண்ட் வால்வான சோலனாய்டும் உள்ளே அதுபாட்டுக்கு வேலை செய்யும். இன்ஜினைவிட நான் பயப்படுவது இதற்குத்தான். கழற்றி மாட்ட ஐந்தாயிரம் டாலருக்குக் குறையாது, இங்கே மெக்கானிக் கூலி மணிக்கு நூற்றைம்பது டாலரைத் தாண்டும். அதை நினைத்தால் நீங்கள்கூடக் கிளம்பி வந்துவிடுவீர்கள்.

2005-லிருந்து 2010 வரை வந்த நிசான் ஃப்ரான்டியர் ஆட்டோமேட்டிக்கில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. அது விரிசல் விட்டால் ரேடியேட்டர் தண்ணீரும் கியர் ஆயிலும் கலந்துவிடும், மூடியைத் திறந்தால் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். அப்புறம் கியர் பாக்ஸின் கதை முடிந்தது. நல்ல இன்ஜின், நல்ல கியர் பாக்ஸ், இரண்டையும் கெடுப்பது ஒரு ரேடியேட்டர். அதை முன்கூட்டியே மாற்றிய ரசீது இருந்தால் அந்த வண்டியை நம்பலாம். ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் வண்டிகளில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்துப் போகும்போது வண்டி நடுங்கும். வேறு வகை ஆயிலுக்கு மாற்றிய பிறகுதான் பலதுக்கும் குணமானது. அதனால் இந்த வேகத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு, காலை அசைக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறேன். விற்கிறவர்கள் பாதிப் பேர் அப்போதுதான் நிறையப் பேசுவார்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம் சொல்கிறேன். எட்மண்டனுக்குத் தெற்கே நிஸ்கு என்ற இடம் முழுக்க எண்ணெய் வயல் கம்பெனிகளின் யார்டுகள். அங்கிருந்து விலைக்கு வருகிற வண்டிகள் வெளியே பளபளவென்று இருக்கும். ஒரு வெள்ளை வண்டி பார்த்தேன், மீட்டரில் 1,35,000 கிலோமீட்டர்தான். மேற்கூரையில் சுழல் விளக்கு மாட்டி எடுத்த ஓட்டையை ரப்பரால் அடைத்திருந்தார்கள், டாஷ்போர்டில் வயர்லெஸ் செட் இருந்த இடத்தில் நான்கு ஸ்க்ரூ தழும்பு. ஸ்டீயரிங் பட்டனை அழுத்தி மணிக் கணக்கைத் திறந்தேன். இன்ஜின் ஓடியது 8,600 மணி நேரம், அதில் நின்றபடியே ஓடியது 5,000. மொத்தத்துக்கும் வகுத்தால் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் கூட வரவில்லை! மைனஸ் முப்பதில் ஆட்கள் உள்ளே சூடாக உட்கார்ந்திருக்க இன்ஜினை அணைப்பதே இல்லை. ஆயில் சரியாகச் சூடாகாமல், பெட்ரோல் கலந்து நீர்த்துப்போகும். நின்று ஓடும் ஒரு மணி நேரத்தை நாற்பது கிலோமீட்டராக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் இங்கே. அப்படிப் பார்த்தால் அந்த வண்டி மூன்று லட்சத்தைத் தாண்டியது. நம்ம திருச்செங்கோட்டு போர் போடுகிற ரிக் வண்டிக்கு நீங்கள் கிலோமீட்டரா பார்ப்பீர்கள்? கம்ப்ரஸர் எத்தனை மணி ஓடியது என்றுதானே கேட்பீர்கள். அதையேதான் நானும் கேட்டேன். விற்கிற பையனுக்கு அந்தப் பட்டன் இருப்பதே தெரியவில்லை.

குளிரில் இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் ஒரு ஒயர் தொங்கும். ராத்திரி அதைக் கரண்டில் செருகினால் இன்ஜின் பிளாக் சூடாகவே இருக்கும், காலையில் முரண்டு பிடிக்காமல் ஸ்டார்ட் ஆகும். வண்டி பார்க்கப் போகும்போது "முந்தின ராத்திரி செருகாதீர்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுகிறேன். போனதும் முதலில் போனட்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஏற்கெனவே சூடாக இருந்தால், அவர் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். நல்ல குளிரில் முதல் சில நொடிகளில் செயினும் லிஃப்டரும் சொல்லும் உண்மையை அப்புறம் எந்த நேரத்திலும் சொல்லாது.

ஸ்கேனர் ஒன்று வாங்கியிருக்கிறேன். எரர் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. பேட்டரியைக் கழற்றியோ எரரை அழித்தோ கொண்டுவந்திருந்தால், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வேலைகள் முடியாமல் நிற்கும், அதுவும் ஸ்கேனரில் தெரியும். நேற்று ராத்திரி அழித்த வண்டி காலையில் சுத்தமாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஆயில் மூடியைத் திறந்து ஓடவிட்டு, புகை தள்ளுகிறதா என்று கையை வைத்தும் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

சாலையில் போடுகிற உப்பால் சேசிஸ் துருப்பிடித்திருக்கிறதா, காகிதத்தில் கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான், அதை நீட்டவில்லை. நேரடியாக ஓனரிடம் வாங்கினால் இந்த மாகாணத்தில் வரி கிடையாது, அது ஒரு லாபம்.

கடைசியில் ஒன்று மனதுக்குப் பட்டிருக்கிறது. 2016 எஃப்-150, 5.0 லிட்டர், ஆறு கியர். 2018-லிருந்து அதே இன்ஜினுக்குப் பத்து கியர் வந்துவிட்டது, அதை நான் தவிர்க்கிறேன். 2011 முதல் 2013 வரை வந்த ஆறு கியரில் ஓடும்போதே திடீரென்று முதல் கியருக்கு விழும் கோளாறு என்று 2019-இல் திரும்ப அழைத்தார்கள், இது அதற்குப் பிந்தையது. வெட்டாஸ்கிவின் என்ற ஊருக்குப் பக்கத்து விவசாயி ஒருவர் வைத்திருக்கிறார். 2,08,000 கிலோமீட்டர், 4,300 மணி. ஆயில் மாற்றிய ரசீதெல்லாம் ஒரு ஷூ டப்பாவில் தேதி வாரியாக இருக்கிறது. கோடையில் கேம்பர் (உள்ளே தங்குகிற டிரெய்லர்) இழுத்திருக்கிறார், மறைக்கவில்லை, நானும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே கேள்வி கியர் ஆயில், ஒரு தடவையும் மாற்றவில்லையாம். இதில் அளவு பார்க்கும் குச்சி போனட்டுக்குள் கிடையாது. அடியில் படுத்து, எக்ஸாஸ்ட் பைப் பக்கத்தில் சூட்டோடு ஒரு போல்ட்டைக் கழற்றினால் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி வரும். துணியில் துடைத்து வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தேன். சிவப்பு போய்ப் பழுப்பாகியிருக்கிறது, கருகல் வாசனை இல்லை, விரலில் பொடி தட்டவில்லை. மெஷின் வைத்து முழுசாக வெளியேற்றாமல், கீழே இறங்குவதை மட்டும் இறக்கிப் புதுசு ஊற்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி அப்படியே செய்வதாக இருக்கிறேன். விலையில் அதற்கு எழுநூறு டாலர் குறைக்கச் சொன்னேன், நானூறுக்கு வந்திருக்கிறார்.

இந்த வாரம் முடித்துவிடுவேன். அடுத்த இரண்டு மாதம் அம்மாவுக்கு அனுப்புகிற பணம் பாதிதான் வரும். நான் சொன்னால் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிடும். நீங்களே வீட்டுக்குப் போய், வண்டி வாங்குகிறான், தொழிலுக்காக என்று பக்குவமாகச் சொல்லுங்கள். சீட்டுப் பணத்தை மட்டும் இந்த மாதம் நீங்கள் கட்டிவிடுங்கள், மாசியில் சேர்த்துத் தந்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவின் பரீட்சை எப்படிப் போனது என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
செந்தில்