நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

பெருமதிப்பிற்குரிய அங்கத்தினர்களுக்கு வணக்கம்.

கோயிலை ஒட்டி முட்புதர் மண்டிக் கிடந்த நந்தவனத்தை, சாமிக்குப் பூவும் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட இடமும் தரும் தோட்டமாகச் சீரமைப்பதெனப் பொதுக்குழு எடுத்த முடிவின்படி, வேலைகள் யாவும் நிறைவேறிவிட்டன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

திட்டம் வகுக்கையில் நெடுநேரம் விவாதிக்கப்பட்டது அரளியைப் பற்றித்தான். பூசைக்கு அரளி வேண்டும். ஆனால் அதன் இலை, பூ, பட்டை, வேர் அனைத்தும் நஞ்சு, கைக்குக் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்ப்பதோ சிறு பிள்ளைகளின் இயல்பு. பிள்ளைகளை அதட்டி விலக்குவதைவிடச் செடியை விலக்குவதே முறை எனக் கருதி, செவ்வரளியை மடைப்பள்ளிக்குப் பின்புறம் கம்பிவேலிக்குள் வைத்துவிட்டோம். கொட்டையில் கொடிய நஞ்சுடைய மஞ்சளரளி வேரோடு அகற்றப்பட்டது.

முன்பகுதியில் செம்பருத்தியும் பவழமல்லியும் நடப்பட்டுள்ளன. தரையில் உதிர்ந்த பூவையும் சாமிக்குச் சாத்தலாம் என்ற வழக்கு பவழமல்லிக்கு உண்டாதலால், விடியலில் பிள்ளைகளே பொறுக்கிக் கொடுக்க வசதியாக அதனடியில் கல் பாவியிருக்கிறோம். நாரத்தை, கறிவேப்பிலைச் செடிகளைப் புழு தின்கிறதென்று எவரும் மருந்தடிக்க வேண்டாம். பறவை எச்சம்போல் தோன்றி, பின்பு பச்சை நிறமாகிக் கூட்டுப்புழுவாகும் அப்புழுக்களே வண்ணத்துப்பூச்சிகளாகின்றன, அதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றே அச்செடிகள் வைக்கப்பட்டன.

இரும்புச் சறுக்கு வேண்டுமெனச் சிலர் கோரினர். சித்திரை வெயிலில் கைவைக்க முடியாத அதற்குப் பதிலாக, பழைய புளியமரத்தில் ஊஞ்சல் கட்டி, கீழே மணல் நிரப்பியுள்ளோம். திருப்பணியில் மிஞ்சிய கற்பலகைகளில் 14 குழிகள் கொண்ட பல்லாங்குழியும், 3 புலிகளும் 15 ஆடுகளும் ஆடும் ஆடுபுலிக் கட்டமும் கொத்தப்பட்டுள்ளன. பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அங்கு அதிகம் அமர்கிறார்கள் என்பது வேறு செய்தி. கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் கம்பிவலை மூடியும் போடப்பட்டன.

நடவு ஐப்பசி மழையோடு முடிந்தது. பிசானப் பருவ நெல் அறுவடைக்குப் பின் தாமிரபரணிப் பாசனக் கால்வாயான கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நின்றுவிடுமாதலால், அடுத்த கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறக்கும்வரை கிணற்று நீரையே கையால் ஊற்றியாக வேண்டும். இதற்குத் தெருவாரியாக முறை வைக்கப்படவுள்ளது. வெளியூர் அங்கத்தினர்களும் சாஸ்தா கோயிலுக்கு வரும் பங்குனி உத்திரத்தன்று வரவு செலவுக் கணக்கு மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்படும். தண்ணீர் முறைக்கு உள்ளூர்க்காரர்கள் அன்றே பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்