கோயிலுக்குக் கார்பன் டேட்டிங் வேண்டாம் சரசு

அன்புள்ள சரசு,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன்டி, நடுவுல உன் வீட்டு குக்கர் விசிலும் மருமக சத்தமும் சேர்ந்து பாதி காதுல விழல, ஆனா கேள்வி புரிஞ்சிருச்சு. வாட்சப்ல டைப் பண்ணா என் பெருவிரல் போயிரும், அதான் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஈமெயிலாவே எழுதுறேன். கண்ணாடிய தேடிக்கிட்டு இருக்காத, பேரன படிச்சுக் காட்ட சொல்லு, அவனுக்கும் இதுல பதில் இருக்கு.

முதல்ல ஊர் சேதி. இங்க மலேசியாவுல, கெடா மாநிலத்து பீடோங்ல தினமும் சாயங்காலம் மழை. முழங்கால் அப்படியேதான் இருக்கு, கிளினிக்ல குடுத்த தைலத்தால வீடு பூரா வாசனைதான் மிச்சம். தம்பி செமிலிங் பக்கம் செம்பனைத் தோட்டத்துல இன்னும் காண்ட்ராக்ட் எடுத்து செஞ்சுக்கிட்டு இருக்கான், வேணாம்டான்னா கேக்குறதில்ல. நம்ம பழைய ரப்பர் தோட்டத்துல நாம குடியிருந்த லயத்து வீடெல்லாம் போயாச்சு, கோயிலும் ரெண்டு பால்மரமும்தான் நிக்குது, அந்த நிலத்த வீடு கட்ட வித்துட்டாங்க. கோயில் கமிட்டில என்னைய செயலாளரா போட்டுட்டாங்க, வேற யாரும் கையெழுத்து போட ஒத்துக்கல, அதான் காரணம்.

சரி உன் பேரன் கேள்விக்கு வரேன். அந்தக் காலத்துல கடாரம்னு சொன்ன நம்ம கெடாவுல, சுங்கை பத்துல இரும்பு உருக்குன எடம் கி.மு 788, கீழடி கி.மு 580, அப்ப கடாரம்தான் மூத்ததுன்னு காலேஜ்ல மதுரைப் பையனோட சண்ட போட்டானாமே. அந்தப் பையன் விடாம தூத்துக்குடி பக்கத்து சிவகளைய இழுத்துட்டான்னும் சொன்ன. நல்ல சண்டதான், எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா ரெண்டு பேருமே நம்பர மட்டும் புடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. அந்த நம்பர் கார்பன் டேட்டிங்ல எப்படி வருதுன்னு தெரிஞ்சா பாதி சண்ட அங்கயே முடிஞ்சிரும்.

ஸ்கூல் லேப்ல அத்தன வருஷம் பீக்கர் கழுவுனவ சொல்றேன், கேளு. வானத்துலேர்ந்து வர்ற காஸ்மிக் கதிர் மேல காத்துல மோதும்போது நியூட்ரான் செதறுது, அது நைட்ரஜன்ல பட்டு அத கார்பன் 14 ஆ மாத்திருது. ரொம்ப ரொம்ப கொஞ்சம்தான், சாதா கார்பன் ஒரு லட்சம் கோடி இருந்தா இது ஒண்ணு இருக்கும். மரம் காத்துலேர்ந்து அத இழுத்துக்குது, ஆடு அந்த எலைய திங்குது, நாம ஆட்ட திங்குறோம், அப்படி உசுரோட இருக்குற எல்லாத்துலயும் அது ஓடிக்கிட்டே இருக்கும். செத்த அன்னிக்கு உள்ள வர்றது நின்னு போயிரும். இருக்குறது மட்டும் மெதுவா கரையும், 5730 வருஷத்துல பாதி, இன்னொரு 5730 வருஷத்துல அந்தப் பாதியில பாதி. மிச்சம் எவ்ளோன்னு அளந்துட்டா எப்ப செத்துச்சுன்னு கணக்கு போட்டுறலாம். ஏறக்குறைய 50,000 வருஷம் தாண்டிட்டா அளக்குறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. சிகாகோ யூனிவர்சிட்டில லிப்பின்னு ஒருத்தர் 1949ல இத வெளியிட்டாரு, வயசு ஏற்கனவே தெரிஞ்ச எகிப்து ராஜா கல்லறை மரத்தையெல்லாம் அளந்து பாத்து சரியா வருதான்னு சோதிச்சாரு, 1960ல நோபல் பரிசு குடுத்தாங்க. அப்பல்லாம் கிராம் கணக்குல கார்பன் வேணும், இப்ப அரிசி மணி அளவு கரி இருந்தாகூட போதும்னு மிஷின் வந்துருச்சு.

இதுல ஒரு வார்த்தைய நல்லா கவனிச்சுக்கோ, “செத்துச்சு”. செங்கல்லு சாகாது, மண்பானை சாகாது. சுங்கை பத்துல இருக்குற செங்கல் மேடை எத்தன வருஷம்னு கார்பன்ட்ட கேக்க முடியாது, அதுக்கு மண்ணுல வெயிலோ நெருப்போ கடசியா எப்ப பட்டுச்சுன்னு ஒளிய வெச்சு கண்டுபிடிக்குற வேற முறை இருக்கு. கார்பனுக்கு உலைக்குள்ள கெடக்குற கரிதான் வேணும். அந்த ஊர் உலையில காத்து ஊத உபயோகிச்ச களிமண் குழாய்ங்க அவ்வளவு கெடச்சிருக்கு, கரியும் கெடச்சுது, அத அளந்தாங்க.

ஆனா கரிக்கும் ஒரு வம்பு இருக்கு. தம்பி கோழிக்கூடு கட்டியிருக்கான்ல, அது பூரா இடிச்ச லயத்து பலகை. அந்த பலகை எந்தக் காலத்துல எந்தக் காட்டுல அறுத்ததோ, நம்ம தாத்தா வந்து சேர்றதுக்கு முன்னாடியே நின்ன மரமா இருக்கும், போன வருஷம் கோழிக்கூடாச்சு. நாளைக்கு ஒருத்தன் வந்து அந்தக் கோழிக்கூட்ட அளந்தா என்ன வரும்? கூட்டோட வயசு வராது, மரத்தோட வயசு வரும். அதுலயும் பெரிய மரத்துல நடுத்தண்டு முன்னமே செத்தது, வெளி வளையம் கடசியா செத்தது, எந்தத் துண்ட எடுத்தோம்ங்குறத பொறுத்து நூறு எரநூறு வருஷம் சும்மா மாறிரும். இரும்பு உருக்க வெட்டுனது எளம் மரமா கெழட்டு மரமான்னு கரிய பாத்து ஆராயணும். அதனாலதான் நெல்லு கெடச்சா ஆராய்ச்சிக்காரங்க சந்தோஷப்படுறாங்க, நெல்லு ஒரே போகத்துல மொளச்சு அதே போகத்துல செத்துரும், பழைய மரம்ங்குற வம்பே இல்ல. சிவகளையில தாழிக்குள்ள கெடச்ச நெல்லுக்கு கி.மு 1155ன்னு 2021ல அறிவிச்சாங்களே, மதுரைப் பையன் கையில இருக்குற நல்ல சீட்டு அதுதான், உன் பேரன்கிட்ட சொல்லி வையி.

சிப்பி இன்னொரு வம்பு. பினாங்கு பெருநிலத்துல குவார் கெப்பாவுல சிப்பி மேட்டுக்குள்ள 2017ல ஒரு பொம்பள எலும்புக்கூடு கெடச்சுதுல்ல, பேப்பர்ல படம் போட்டாங்க, அய்யாயிரம் வருஷத்துக்கு மேலன்னு. கடல் தண்ணியில இருக்குற கார்பன் காத்துல இருக்குறத விட பழசு, அதனால நேத்து செத்த சிப்பிய அளந்தாலும் சராசரியா நானூறு வருஷம் பழசுன்னு காட்டும். அத கழிச்சுட்டுத்தான் வயசு சொல்லணும், கழிச்சாங்களா இல்லையான்னு பேப்பர்ல எவனும் எழுத மாட்டான்.

இப்ப உன் பேரன் சண்டைக்கு நேரடியா வரேன். காத்துல கார்பன் 14 எல்லாக் காலத்துலயும் ஒரே அளவா இருந்ததில்ல. அதுக்காக மர வளையத்த வருஷம் வருஷமா எண்ணி, ஒவ்வொரு வளையத்தையும் அளந்து, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு ஒரு கிராப் போட்டு வெச்சிருக்காங்க, லேப்ல வர்ற நம்பர அதுல வெச்சுப் பாத்துதான் உண்மையான வருஷத்த படிக்கணும். அந்த கிராப் கி.மு 800லேர்ந்து கி.மு 400 வரைக்கும் கிட்டத்தட்ட மட்டமா படுத்துக் கெடக்குது. ஹால்ஸ்டாட் சமவெளின்னு அதுக்கு பேரு, ஆஸ்திரியாவுல இருக்குற ஒரு ஊரு பேர வெச்சிருக்காங்க. அந்த நானூறு வருஷத்துல எந்த வருஷம் செத்த மரத்த எடுத்தாலும் லேப்ல ஏறக்குறைய ஒரே நம்பர்தான் வரும். உலகம் முழுக்க தொல்லியல்காரங்களுக்கு இது பெரிய தலைவலி. 788 அதுக்குள்ள, 580 அதுக்குள்ள! அந்தக் காலத்து ஒத்தக் கரித்துண்ட வெச்சுக்கிட்டு ரெண்டு ஊருல எது எரநூறு வருஷம் மூத்ததுன்னு சொல்றது லேசுப்பட்ட காரியமில்ல. லேப் ரிப்போர்ட்ல எப்பவும் இந்த வருஷத்துலேர்ந்து அந்த வருஷம் வரைக்கும்னு ஒரு நீளம் போட்டிருப்பாங்க, இத்தன சதவீதம் நம்பலாம்னும் இருக்கும். பேப்பருக்கும் மேடைக்கும் வரும்போது நீளம் காணாம போயி ஒத்த நம்பர் நிக்கும். கீழடியில தமிழ்நாட்டு தொல்லியல் துறை ஆறு கரித்துண்ட அமெரிக்காவுல மயாமி லேபுக்கு அனுப்பி, 2019ல ரிப்போர்ட் போட்டாங்க, 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த துண்டுதான் அந்த 580. ஆறும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போயி, கி.மு ஆறாம் நூற்றாண்டுலேர்ந்து மூணாம் நூற்றாண்டு வரைக்கும்னு வந்துச்சு பாரு, அதத்தான் நான் பெருசா நெனைக்கிறேன். சுங்கை பத்து விஷயத்துல 788ங்குறத எல்லா ஆய்வாளரும் ஒத்துக்கல, கி.பி முதல் நூற்றாண்டுகள்தான் உறுதின்னு சொல்றவங்களும் இருக்காங்க. அது மட்டும் இருந்தாகூட எனக்கு போதும், ராஜேந்திர சோழன் 1025ல படையெடுத்து வர்றதுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடி இங்க இரும்பு உருக்கி கப்பல்ல ஏத்தியிருக்காங்க, இதுல என்ன குறைஞ்சு போச்சு?

சுங்கை பத்துல தோண்டுனப்ப என் மச்சினன் மவன் கூலிக்குப் போயிருந்தான். அவன்தான் சொன்னான், கரித்துண்டு தெரிஞ்சா கையால தொட விடமாட்டாங்களாம், சின்னக் கரண்டியால எடுத்து அலுமினியத் தாள்ல சுத்துவாங்களாம், பக்கத்துல நின்னு சிகரெட் புடிச்சா திட்டுதானாம். எடம் பூரா செம்பனை தோட்டம், வேர் எல்லா மண்ணுக்குள்ளயும் எறங்கியிருக்கும், ஒரு மயிரளவு வேர் கரியில ஒட்டிக்கிட்டாகூட வயசு எளசா காட்டும். அதனால லேப்ல ஆசிட்ல போட்டு, காரத்துல போட்டு, திரும்ப ஆசிட்ல போட்டு கழுவுவாங்க. எடுக்குறதுக்கு முன்னாடி அது எந்த அடுக்குல, எதுக்கு மேல எதுக்குக் கீழ கெடந்துச்சுன்னு எழுதி வெக்கணும், அது இல்லன்னா கரி வெறும் கரிதான். 2013ல பூஜாங் பள்ளத்தாக்குல பதினோராம் நம்பர் சண்டிய, அதான் அந்தப் பழங்காலக் கோயில் இடிபாட்ட, வீடு கட்ட தள்ளி நிரவிட்டாங்களே, ஞாபகம் இருக்கா, எவ்ளோ சத்தம் வந்துச்சு நாடு பூரா. கல்ல திரும்ப அடுக்கிறலாம்டி, அந்த மண் அடுக்கு கலைஞ்சா கலைஞ்சதுதான், அதுக்கப்புறம் அங்க ஆயிரம் கரி பொறுக்குனாலும் ஒண்ணும் சொல்லாது. எனக்கு இன்னும் வயிறு எரியுது.

ஒரு தமாஷ் சொல்றேன், இத பேரன் படிக்க வேணாம், நீயே படி. கார்பன் கணக்குல “இன்னிக்கு”ன்னா 1950. ஏன்னா அதுக்கப்புறம் வல்லரசுங்க அணுகுண்டு வெடிச்சு வெடிச்சு காத்துல கார்பன் 14 கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிருச்சு, 1963ல ஒப்பந்தம் போட்டு வெளிய வெடிக்கிறத நிறுத்துனப்புறம்தான் எறங்குச்சு. அந்த ஏத்த எறக்கம் அந்தக் காலத்து புள்ளைங்க பல்லுல அப்படியே பதிஞ்சு போயிருக்கு, பல் எனாமல அளந்து பொறந்த வருஷத்த ஓரளவு துல்லியமா சொல்லிறலாம்னு 2005லயே கண்டுபிடிச்சுட்டாங்க. உன் ஐசில, அடையாள அட்டையில இருக்குற பொறந்த தேதி ஸ்கூல்ல சேக்குறதுக்காக தோட்டத்து ஆபீஸ் கிராணி வாய்க்கு வந்தத எழுதுனதுன்னு உங்கம்மாவே சொல்லும்ல? பல்லு ஒண்ணு புடுங்கும்போது தூக்கிப் போட்டுறாத, என்னைய விட நீ எளையவன்னு இத்தன வருஷமா அடிச்சுக்கிட்டிருக்க, ஒரு முடிவு கட்டிறலாம்.

இப்ப முக்கியமான விஷயம், கோயில். தலைவர் போன மீட்டிங்ல எந்திரிச்சு, பழைய கோயில் கதவு நெலைய கார்பன் டேட்டிங் பண்ணி நூறு வருஷம்னு காட்டிட்டா நிலம் வாங்குனவன் வாய அடைச்சிறலாம்னு சொல்லிட்டாரு, எல்லாரும் கைதட்டிட்டாங்க. உங்கிட்டயும் நன்கொடை கேட்டு போன் போட்டாராமே. குடுக்காத. நான் சொல்றேன்னே சொல்லு. ஒரு சாம்பிளுக்கு பல நூறு அமெரிக்க டாலர் ஆகும், அது போனா போகுது, பதில்தான் பிரயோஜனப்படாது. 1650லேர்ந்து 1950 வரைக்கும் அந்த கிராப் மேலயும் கீழயும் ஆடுது, சூரியனும் அதுக்குக் காரணம், வெள்ளக்காரன் எரிச்ச நிலக்கரியும் காரணம், கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி செத்த கார்பன காத்துல கலந்துட்டான்ல. நம்ம கதவு நெலைய அளந்தா பதினேழாம் நூற்றாண்டு கடசியா இருக்கலாம், பதினெட்டா இருக்கலாம், பத்தொம்பதா இருக்கலாம்னு துண்டு துண்டா பதில் வரும். மூவாயிரம் வருஷக் கரிக்கு வாயத் தொறக்குற மிஷின் நம்ம பாட்டன் காலத்துக்கு முழிக்கும். 1700ன்னு ஒரு துண்டு வந்துச்சுன்னா அவன் வக்கீல் சிரிப்பான், அப்ப ரப்பரே இந்த நாட்டுக்கு வரலையேம்பான், அப்புறம் நாம காட்டுற நல்ல சாட்சியையும் எவன் நம்புவான்? அதோட அது கோயிலுக்குன்னு அறுத்த மரமா, வேற எங்கேயோ இருந்தத தூக்கிட்டு வந்து வெச்சதான்னும் யாருக்கும் தெரியாது, கோழிக்கூடு கததான்.

நமக்கு வேண்டியது காயிதம். தோட்டத்து ஆபீஸ் பழைய மேப்புல கோயில் குறிச்சிருக்கான்னு நெல அலுவலகத்துல கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். திருவிழா ரசீது புக்கு பழைய கங்காணி வீட்டுல கொஞ்சம் கெடச்சுது, கரையான் தின்னது போக மிச்சம் இருக்கு. மணியில பேரும் வருஷமும் வெட்டியிருக்கும்னு உங்கண்ணன் சொன்னாரு, ஆனா அந்த மணி இப்ப எந்தக் கோயில்ல தொங்குதுன்னு தெரியல, அவர நல்லா யோசிச்சுப் பாக்க சொல்லு.

உங்கம்மா டிரங்குப் பெட்டில தீமிதி போட்டோ ஒண்ணு இருக்கணும்டி, கோயிலுக்கு முன்னாடி உங்க தாத்தா தலப்பா கட்டிக்கிட்டு நிப்பாரு, பின்னால தொர பங்களா கூரை தெரியும். பெட்டி இப்ப உங்கிட்டதான இருக்கு. அட்டையிலேர்ந்து பிரிக்காம முன்பக்கமும் பின்பக்கமும் பேரன விட்டு ஸ்கேன் பண்ண சொல்லு, போன்ல எடுத்தா வெளிச்சம் அடிச்சு ஒண்ணும் தெரியாது. பின்னால ஸ்டூடியோ சீல் இருந்தா அதுதான் எனக்கு முக்கியம், மங்கலா இருந்தாலும் பரவால்ல, அப்படியே அனுப்பட்டும், அழிரப்பர் கிழிரப்பர் வெச்சு தேய்க்க வேணாம். படத்துல யார் யாரு நிக்குறாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்குற பேர எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி கூட வெச்சிரு. அடுத்த செவ்வாக்கெழம மீட்டிங், அதுக்குள்ள கெடச்சா தலைவர் கதவு நெலைய அறுக்குறதுக்கு முன்னாடி அவர் முன்னால போட்டுறுவேன்.

அன்புடன்,
பாக்கியம்