பிறை அண்ணனுக்கு ஒரு நன்றி மடல்

மாநாடு நேற்று முடிந்தது. கடைசி விருந்தினரையும் பினாங்கு விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாநாட்டுப் பயிலரங்குக்கான செல்கள் இருந்த குளிர்ப்பெட்டிக்கு என்ன ஆனது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மறுபடி வேண்டாம்.

உள்ளே இருந்தவை போடோசைட் செல்கள். சிறுநீரகத்தின் வடிகட்டியைக் காலால் கட்டிப்பிடித்து நிற்பவை. உடம்பில் இவை பெருகுவதில்லை, போனால் போனதுதான். ஆனால் 2002-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆய்வகத்துக்கென உருவாக்கிய வகை 33 டிகிரியில் பெருகும். 37-க்கு மாற்றினால் பெருகுவதை விட்டுவிட்டுக் கால் நீட்டத் தொடங்கும். பெட்டியில் டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஒரு கைப்பிடிதான் மிச்சம். நேரங்கெட்ட நேரத்தில் உருகினால், உறைந்திருந்தவரை காப்பாற்றிய டிஎம்எஸ்ஓ என்ற திரவமே அவற்றுக்கு விஷமாகிவிடும். டிரை ஐஸ் கேட்டுப் போன இடமெல்லாம் பூட்டு.

சாப்பாட்டுக்கடை அக்காதான் கேட்டார்: "கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளை வரும்போது புகை விடுறாங்களே, அதுவும் இந்த ஐஸ்தானே?"

அப்படித்தான் பாலத்துக்கு அக்கரையில் உள்ள பிறையில், கல்யாண மேடை அலங்காரம் செய்யும் அண்ணனிடம் போனோம். அவருக்கு அன்று இரவே ஒரு கல்யாண விருந்து. இருந்த டிரை ஐஸில் பாதியை நாளிதழில் சுற்றி எங்கள் பெட்டிக்குள் அடுக்கினார். "இறுக்கி மூடாதே தங்கச்சி, வெடிச்சிரும். கார் ஜன்னலையும் திறந்து வை." எங்கள் பாதுகாப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னதை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். காசு வாங்கவில்லை. பெட்டியைத் தட்டி, "உள்ள இருக்கறதுக்கு உயிர் இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே. தூங்குது."

"அப்போ ஹார்ன் அடிக்காம போ."

13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம், நான்கு ஜன்னலும் திறந்து, சாரலில் நனைந்தபடி. ஹார்ன் அடிக்கவே இல்லை, உண்மையாக. திங்கட்கிழமை பயிலரங்கில் குப்பிகளில் உறைந்திருந்த செல்களை உருக்கித் தட்டில் விதைத்தோம். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் உயிரோடு, தட்டோடு ஒட்டிப் படுத்திருந்தன. நான் அழுததைப் பார்த்தவர்கள் வெளியே சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கும், இரவெல்லாம் தொலைபேசியில் தொங்கிய ஆய்வக நண்பர்களுக்கும், பயிலரங்கை அரை நாள் தள்ளிவைத்தும் முகம் சுளிக்காத பேராசிரியர்களுக்கும், விடிகாலையில் கதவு திறந்துவிட்ட காவலாளி மாமாவுக்கும் நன்றி.

அப்புறம், பெயர் தெரியாத அந்த மணமக்களே. நீங்கள் மேடையேறியபோது புகை முழங்காலுக்கு மேல் எழவில்லை என்று அண்ணன் சொன்னார். மீதிப் புகை எங்களிடம்தான் இருந்தது. உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு டிரை ஐஸ் என் செலவு. அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.